நான்கு மில்லிமீட்டர்

தங்கள் காரில் கியர்பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்கள் விழிப்பதால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் உங்கள் போலீஸ் இலாகா அனுப்பிய பொறியாளர் விழிக்கக் கூடாது. அவருடைய அறிக்கையில் 'பொருத்தியவரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் சார், நீங்கள் கூப்பிடாமலே வந்தேன். இந்தத் தாளையும் பேனாவையும் நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

முப்பத்தொரு வருடமாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்கிறேன். வேறு எதையும் தொட மாட்டேன். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். கேலியாகத்தான் வைத்தார்கள், ஆனால் தங்கள் வண்டியில் சத்தம் வந்தால் என்னிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஒரு வேலை முடிந்து, எல்லா அளவும் நான் நினைத்தபடி வந்துவிட்டால், கடைசியாக முடுக்கிய நட்டின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு சின்னக் கோடு இழுப்பேன். திருப்தி இல்லாத வேலையில் அந்தக் கோடு விழாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டதும், பள்ளிக்கூடத்தில் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்ததும் நான்தான். எனக்கென்று ஒரு கல்யாணம் தோன்றவே இல்லை. அவளுக்கு இருபத்தாறில் கல்யாணமாகி, மூன்று தெரு தள்ளிப் போனாள். அது ஒரு தூரமா? தினமும் மாலை நாலரைக்கு பிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்துவிடுவாள். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவாள், என் சட்டையில் பொத்தான் போயிருந்தால் திட்டுவாள். இந்தப் பதினான்கு வருடத்தில் அவள் வராத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவரைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு குறையும் வராது. குடி இல்லை, கோபம் இல்லை. தங்கையை முகம் வாடவிட்டவர் இல்லை. நான் கேட்லாக்கைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்துவிட்டு, அவராகவே என் கண்ணைச் சோதித்து, ஒரு கண்ணாடி செய்துகொடுத்தார். இவ்வளவு நல்ல மனிதர் மேல் உனக்கு என்ன பகை என்று நீங்கள் கேட்கலாம். பகையே இல்லை சார்.

போன வருடக் கடைசியில் அவருக்கு ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கடலோரத்து ஊர், எழுநூறு கிலோமீட்டர், நடுவில் மலைப்பாதை. தங்கை அதை என்னிடம் சொல்லும்போது பிளாஸ்க் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"மாசத்துக்கு ஒரு தடவை வந்துடுவோம்ணா."

"நல்ல விஷயம்தானே," என்றேன். எழுநூறு கிலோமீட்டரை மாதம் ஒருமுறை யார் தாண்டி வருவார்கள்? அன்றைக்கு டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா விட்டுப்போன பச்சை நிறப் பழைய கார் ஒன்று அவரிடம் இருந்தது. ஐம்பது வயதான வண்டி. பெரிய இன்ஜின், ஆனால் மூன்றே கியர். எண்பதைத் தாண்டினால் காட்டுக் கத்தல் கத்தும். சாமான்களை டிரெய்லரில் ஏற்றி அந்த வண்டியில்தான் புது ஊருக்குப் போவேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். நாலு கியர் உள்ள ஓவர்டிரைவ் பாக்ஸ் போட்டுத் தரச் சொன்னார். ஓவர்டிரைவ் என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கடைசி கியரில் வண்டி வேகமாகப் போகும், இன்ஜின் நிதானமாகச் சுழலும்.

என் அலமாரியில் இரண்டு பாக்ஸ் இருந்தன. ஒன்று இலேசானது, வண்டியின் தரையை வெட்டாமலே உள்ளே போய்விடும். மற்றது சரக்கு வேன்களுக்குப் போடுவது. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். மாப்பிள்ளை சின்னதைத்தான் தடவிப் பார்த்தார். 

"இதுவே போதாதா மச்சான்? அப்பாவோட வண்டி, தரையை வெட்டணும்னா மனசு கேக்கல."

"டிரெய்லர் இழுக்கப் போறீங்க மாப்பிள்ளை. சின்னது முதல் மலையிலேயே வெந்துடும். பெரிசு ஒரு தடவை பிடிச்சா பிடிச்சதுதான். எது குறுக்க நின்னாலும் வழுக்காது."

"நீங்க சொன்னா சரி. நான் லென்ஸ் துடைக்கிற ஆளு, எனக்கென்ன தெரியும்," என்று சிரித்தார்.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. மலைக்கும் டிரெய்லருக்கும் பெரியதுதான் சரி. உங்கள் பொறியாளரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்தது மலைக்காக இல்லை.

பழைய பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். பட்டறைச் சுவருக்கும் வண்டியின் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு காலி ஆயில் டிரம்மை நிறுத்தினேன். இன்ஜினை ஓடவிட்டு, ரிவர்ஸில் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டேன். பழைய பாக்ஸில் எல்லாம் தேய்ந்திருந்தது. மூன்று நான்கு விநாடி யோசித்தது, மெல்ல வந்து டிரம்மில் சாய்ந்தது, அப்புறம் உள்ளுக்குள்ளேயே வழுக்கிக்கொண்டு நின்றுவிட்டது. டிரம்மில் கீறல்கூட இல்லை. பெரிய பாக்ஸைப் பொருத்திய பிறகு அதே மாதிரி டிரம், அதே இடம். இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. டிரம்மின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலை ஏழரைக்கு ஷெட்டிலிருந்து வண்டியைப் பின்னால் எடுப்பார். மூடிய இரும்புக் கேட்டுக்கு இரண்டடி முன்னால் நிறுத்தி, கியர் லிவரை பார்க்கில் தள்ளிவிட்டு, இன்ஜின் ஓட ஓட இறங்கிப்போய்த் தாழ்ப்பாளைத் திறப்பார். அந்தத் தாழ்ப்பாள் இறுகிப்போனது, லேசில் வராது. அவருடைய முதுகு வண்டிப் பக்கம் இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கச் சொல்லி நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "அணைச்சா மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும் மச்சான். அதான் பார்க்ல போட்டுட்டேனே," என்பார்.

பார்க்கில் போட்டால் பாக்ஸுக்குள் ஒரு இரும்புப் பல் விழுந்து சக்கரத்தைப் பூட்டும். மேலே இருக்கும் லிவரையும் கீழே இருக்கும் பாக்ஸையும் ஒரு ராடு இணைக்கிறது. பழைய லிவருக்குப் புது பாக்ஸ் போடும்போது அந்த ராடின் நீளத்தைப் புதிதாக அளந்து வைக்க வேண்டும். நீளம் நான்கு மில்லிமீட்டர் கூடினால், லிவர் பார்க் என்று காட்டும், பல் மட்டும் விழாமல் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கும். இன்ஜின் அதிர்விலோ கதவைச் சாத்தும் அதிர்விலோ ஒரு நேரம் நழுவி ரிவர்ஸுக்கு வந்துவிடும். மூன்று வைத்தால் பல் விழுந்து பூட்டிவிடும். ஐந்து வைத்தால் உடனே நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். நான்குதான் சரியான அளவு. அதைப் பிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. மாப்பிள்ளை கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அளந்தேன். நல்ல கண்ணாடி, குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை வண்டியை ஒப்படைத்தேன். அடுத்த புதன்கிழமை அவர்கள் கிளம்புவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை காலை சாமான் கட்ட ஒத்தாசைக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போனைக் காதில் வைத்தபடி வீட்டுப் பக்கம் நடந்தார்.

"நீங்க பேசுங்க, கேட்டை நான் திறக்கறேன்," என்று தங்கை வண்டியிலிருந்து இறங்கி, முன்கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

நான் வாசற்படியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று தாழ்ப்பாளை ஆட்டினாள். வரவில்லை. மறுபடி ஆட்டினாள். காலைக் கேட்டில் ஊன்றி இழுத்தாள். எனக்குக் கையெல்லாம் வியர்த்து, பெட்டியின் அட்டை நனைந்தது. வண்டியின் பின்பக்கம் மெல்ல நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பி என்னிடம் வந்திருப்பாள். கூப்பிட்டிருந்தால் ஏன் கூப்பிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். நான் பதினொன்று வரை எண்ணினேன். தாழ்ப்பாள் விட்டது, கேட் வெளிப்பக்கம் திறந்தது, அவள் ஒதுங்கிக்கொண்டாள். "என்னண்ணா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற, பெட்டி கனமா?" என்றாள். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவகாசம் இருந்தது. பத்து நிமிட வேலை, ஒரே ஒரு ஸ்பானர். நான் வீட்டிலேயே இருந்தேன்.

திங்கட்கிழமை காலை நடந்தது உங்கள் கோப்பில் படத்தோடு இருக்கிறது. தங்கை உள்ளேயிருந்து ஓடிவந்து இன்ஜினை அணைக்கும்வரை பாக்ஸ் ஒரு கணமும் வழுக்கவில்லை என்று பொறியாளர் எழுதியிருக்கிறார். அந்த வரி சரி.

தங்கை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சொந்தக்காரர்கள் என்னை முறைத்தபோது அவள்தான் குறுக்கே நின்றாள். "உனக்குக் கை தவறிடுச்சுண்ணா. நீ வேணும்னேயா செஞ்சிருப்ப?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பு இல்லை. மூன்றாவது வாரம் துணிமணியோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நாலரைக்கு டீ வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கடைசிவரைக்கும் வந்திருக்கும்.

போன வியாழக்கிழமை, டீயை என்னிடம் கொடுத்துவிட்டுப் பட்டறை வாசலில் பக்கத்து பெயின்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

"பாவம், அண்ணனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. கையிலயும் பழைய நிதானம் இல்ல. இனிமே இந்த வேலையே வேணாம்னு சொல்லிட்டிருக்கேன்."

"ஆமாக்கா. மில்லிமீட்டருக்கே அளவு தப்பிடுச்சே," என்றான் அவன்.

அவள் பாசத்தில்தான் சொன்னாள். அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, சார். நான் அடியிலேயே வெகு நேரம் படுத்திருந்தேன். அன்றைய டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

ஆகவே எழுதித் தருகிறேன். மாப்பிள்ளையைக் கொன்றது நான். தெரிந்து, அளந்து, சோதித்துப் பார்த்துச் செய்தேன். சந்தேகம் இருந்தால் அந்த ராடைக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசி நட்டின் மேல் வெள்ளைக் கோடு இருக்கும். பொறியாளர் அதை அழுக்கு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

இதைத் தங்கையிடம் நீங்களே படித்துக் காட்டிவிடுங்கள். பாவம், அண்ணன் கை தவறிவிட்டது என்றே மருகிக்கொண்டிருக்கிறாள். தவறவில்லை என்று தெரிந்தால் அவளுக்கும் மனசு ஆறும்.