கணவாயில் கைமாறிய கோல்

நேரம் மாலை ஆறரை. இதே சாலை... இதே மூடிய கேட். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து கோல் வந்து சேரும்வரை நம் வேன் நகராது. பின்சீட்டில் யார் அது கொட்டாவி விடுவது? விடுங்கள், விடுங்கள். இன்னும் சற்று நேரத்தில் தூக்கம் தானாகப் பறந்துவிடும்.

இது என் நண்பனின் தங்கை கணவருக்கு நடந்தது. லாரி ஓட்டுகிறவர். எங்கள் எல்லோருக்கும் அவர் மச்சான்தான்.

கணவாய் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் எழுதியிருப்பீர்கள். மலைத்தொடரின் நடுவே ஆட்கள் கடந்து போகிற தாழ்வான இடைவெளி. இரண்டு மதிப்பெண். மச்சானின் அண்ணன் பஸ் டிரைவர். அவர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "இடைவெளி இருந்தாப் போதுமா? என் முன்பல்லுலகூடத்தான் இருக்கு, அது கணவாயா? இந்தப் பக்கம் நுழைஞ்சவன் அந்தப் பக்கம் வந்தாத்தான்டா கணவாய். வரலைன்னா வெறும் பொந்து" என்பார்.

உள்ளே ஒரு வண்டியின் அகலம்தான். இரண்டு பக்கமும் பாறை. ஒதுங்க இடமே இல்லை. அதனால் ஒரு பக்கத்து வண்டிகள் முழுக்கப் போன பிறகே மறுபக்கம் திறக்கும். போகிற கடைசி வண்டியிடம் ஒரு சிவப்புக் கோலைக் கொடுப்பார்கள். அது மறுமுனைக் காவலாளியின் கைக்கு வந்தால், உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். டிரைவர்கள் அதற்காக நிறுத்துவதில்லை. வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியே நீட்டுவார்கள். காவலாளி பிடுங்கிக்கொள்வார். அப்படியே பழக்கம்.

அன்று கடைசி வண்டி மச்சானுடையது. பக்கத்தில் மனைவி, வயிற்றுப்பிள்ளைக்காரி. எதிர்முனையில் காத்திருந்தது அண்ணனின் பஸ்.

பாதி தூரத்தில் பனி இறங்கியது. ஈரக் கல்லின் வாடை... பிறகு பிரேக் கருகும் வாடை. மச்சான் பிரேக்கைத் தொடவே இல்லை. பனிக்குள் ஒரு விளக்கு அசைந்தது. காக்கிச் சட்டைக் கை ஒன்று நீண்டது. பழக்கதோஷம்... மச்சான் கோலை நீட்டிவிட்டார். விரல் பட்டது. ஐஸ்.

"ஏங்க, கேட் இன்னும் வரவே இல்லையே. யாருகிட்ட குடுத்தீங்க?"

மச்சானுக்கு அப்போதுதான் உறைத்தது. கோல் போய்ச் சேர்ந்தால் கேட் திறக்கும். கேட் திறந்தால் அண்ணன் பஸ்ஸை எடுப்பார். பின்னால் போகலாம் என்றால் பனியில் எதுவும் தெரியவில்லை. லாரியை நிறுத்தினார். மனைவியை அணைத்துக்கொண்டு ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

எதிரே பதில் ஹாரன் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. அண்ணன் அடிப்பது அப்படித்தான். கிட்டே வந்தது... இன்னும் கிட்டே...

மோதவில்லை. வெளிச்சமும் வரவில்லை. அந்தச் சத்தம் அவர் காதோரமாகக் கடந்து போயிற்று. ஜன்னலுக்கு வெளியே பாறை. பாறைக்குள்ளிருந்து இன்ஜின் உறுமல், ஒரு குழந்தையின் அழுகை, யாரோ சிரிக்கிற சத்தம். மனைவியும் கேட்டாள். பிறகு தேய்ந்து அடங்கிவிட்டது.

எப்படியோ ஊர்ந்து மறுமுனைக்கு வந்தார்கள். கேட் திறந்திருந்தது. காவலாளிக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"நீ எப்படி இப்ப வர்றே? அப்பவே ஒரு கை கோலை நீட்டிச்சே... பனியில உன் லாரின்னுதான் வாங்கினேன். உங்க அண்ணன் பஸ்ஸை விட்டுட்டேனே. எதிரே வரலையா?"

வரவில்லை. அந்தப் பக்கமும் போய்ச் சேரவில்லை. எத்தனையோ பேர் தேடினார்கள். ஒரு கண்ணாடித் துண்டுகூடக் கிடைக்கவில்லை. மச்சான் இன்றும் தேடுகிறார், பாவம். பிறந்த குழந்தைக்குப் பெரியப்பாவின் முன்பல் இடைவெளி அப்படியே இருக்கிறதாம். அதைப் பார்த்தாலே அழுதுவிடுவார்.

அதோ, நம் காவலாளி வருகிறார். கையில் சிவப்புக் கோல்.

"கோல் வந்திடுச்சு. நீங்கதான் கடைசி, கிளம்புங்க."

கோல் ஈரமாக இருக்கிறது... டிரைவரே, சாவியைத் திருகாதீர்கள். ஒரு நிமிடம். நாம் இங்கே வந்து நின்றதிலிருந்து, உள்ளேயிருந்து ஒரு வண்டிகூட வெளியே வரவில்லையே.