மற்றத் திறப்பு

— இல்லக்கா, மூணு வாரம்னாலும் என்னால முடியாது. ஏஜென்சிக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன். குளிப்பாட்டறது, மாத்திரை குடுக்கறது எல்லாம் செய்வேன். ஆனா அணுகுண்டு பக்கத்துல உக்காந்திருந்த ஆளுக்கு என் கையால சாப்பாடு குடுக்க மனசு வரல.

— ஆர் உமக்குச் சொன்னது?

— ஹால்ல போட்டோ மாட்டியிருக்கே, யூனிஃபார்மோட. அவர் பொண்ணு லாராகிட்ட கேட்டேன். அப்பா அமெரிக்காவுல ஏவுகணை வேலை பாத்தார்னு சாதாரணமா சொல்றாங்க. இந்த நாட்டுக்குள்ள அணுகுண்டுக் கப்பலையே விடமாட்டாங்க. இவரை எப்படி விட்டாங்க அன்ரனீற்றாக்கா?

— அம்புஜம், முதல் அந்தக் கதிரையில இரும். ஆள் இப்பத்தான் படுத்தவர், மூண்டு மணிக்குத்தான் எழும்புவார். நாலு வருஷமா நான் பக்குரங்காவில இருக்கிற இந்த வீட்டுக்கு வாறன். மகளுக்குப் பிள்ளைப்பேறு எண்டபடியாத்தான் மெல்பேணுக்குப் போறன். இல்லாட்டி இந்த மனுசன் வோல்ற்றரை ஒருத்தரிட்டையும் விட்டிட்டுப் போகமாட்டன். நான் சொல்லுறதைக் கேட்டுப்போட்டு, பிறகு ஏஜென்சிக்கு ஃபோன் அடியும்.

— நீங்களே குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவங்கதானே. உங்களுக்குக் கோவம் வரலையா?

— வந்தது. மன்னாரில பதுங்குகுழிக்குள்ள பெரியபிள்ளை ஆனவள் நான். மேல இருந்து போட்டவையின்ர முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. இஞ்ச வந்து அப்பிடி ஒரு முகத்துக்குச் சவரம் செய்யிறன் எண்டு நினைக்க, எனக்கு அதை நேர பாக்க மனம் வரேல்லை. வந்த புதுசிலையே அந்த மனுசன் அதைக் கண்டிட்டார். என்னெண்டு கேட்டார். நானும் ஒளிக்காமல் சொன்னன்.

— என்ன சொன்னார்?

— மன்னிப்புக் கேக்கேல்லை. நியாயமும் சொல்லேல்லை. சவர்க்கார நுரை முகத்தில காயக் காய, தான் என்ன வேலை செய்தவர் எண்டு முழுக்கச் சொன்னார். இருபத்திநாலு வயசு அப்ப. சோளக்காட்டுக்குக் கீழ ஆழமா ஒரு அறை, அதுக்குப் பக்கத்தில ஒரே ஒரு ஏவுகணை. இவரும் டெனிஸ் எண்ட இன்னொருத்தரும் பொறுப்பு. ஆளுக்கொரு திறப்பு.

— திறப்புன்னா? சாவியா?

— ஓம், சாவிதான். ரெண்டு பூட்டும் அறையின்ர ரெண்டு பக்கம். ஒராளால ரெண்டையும் திருப்ப ஏலாது. ரெண்டுபேரும் ஒரே நேரத்தில திருப்பினாத்தான் ஏவுகணை கிளம்பும்.

— அப்போ நல்லதுதானே. ஒரு பைத்தியக்காரன் தனியா செய்ய முடியாது.

— அதைத்தான் நானும் சொன்னன். அதுக்கு அவர் சிரிச்சவர். கீழ திருப்புறதுக்கு ரெண்டுபேர் வேணும் அன்ரனீற்றா, மேல இருந்து திருப்பு எண்டு சொல்ல ஒராள் போதும் எண்டார். இப்பவும் அப்பிடித்தானாம். அமெரிக்க ஜனாதிபதி ஆரையும் கேக்கத் தேவையில்லை. எதிரி ஒண்டும் போடாத நேரத்திலையும், தான் முதல் போடவேணும் எண்டு நினைச்சாலும், அந்த ஒராளின்ர சொல்லே போதும்.

— நெசமாவா? அவங்க பார்லிமென்ட் எதுக்கு இருக்கு அப்போ?

— இதைத்தான் மனுசன் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் போடுறதெண்டா, பாராளுமன்றம் போர் எண்டு முடிவெடுத்திருக்க வேணும், அதில்லாமல் ஜனாதிபதி தனிய போட ஏலாது எண்டு ஒரு சட்டம் கொண்டுவரக் கன வருஷமா ஆக்கள் பாக்கினம். நிறைவேறினபாடில்லை. இவருக்கு அங்கத்தை வோட்டு இன்னும் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் தன்ர ஊர்ப் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவார். இப்ப கை ஏலாது, அவர் சொல்லச் சொல்ல நான்தான் ரைப் பண்ணுறன்.

— எதிரி முதல்ல போட்டுட்டா?

— அது வேற கதை. இந்தச் சட்டம் அதைத் தொடேல்லை. தாங்களா முதல் தொடங்குறதைப் பற்றித்தான்.

— சரிதான். ஆனா கடுதாசி போட்டு என்னக்கா ஆகப்போகுது?

— நானும் அப்பிடித்தான் நினைச்சன். போன ஃபெப்ரவரியில பதில் வந்தது. உறுப்பினரின்ர அலுவலகத்தில வேலை செய்யிற ஒரு இளம் பிள்ளை எழுதியிருந்தது, வீடியோவில பதினைஞ்சு நிமிசம் கதைக்கலாம் எண்டு. இஞ்ச செவ்வாய் காலமை எட்டு மணி, அங்க திங்கள் மத்தியானம். வோல்ற்றர் ஆறு மணிக்கே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தவர். அவரின்ர மகள் லோறா வேலைக்கு லீவு போட்டிட்டு வந்து பின்னால நிண்டவ.

— பொண்ணுக்கு சந்தோசம்தானே?

— பெருமை. லோறாவைப் பற்றி உமக்கு ஒண்டு சொல்லவேணும். சின்ன வயசில பள்ளிக்கூடத்தில பிள்ளையள் கேட்டவையாம், உன்ர அப்பா குண்டு போடுறவரோ எண்டு. அழுதுகொண்டு வந்து அப்பாவைக் கேட்டிருக்கிறா. அப்பா சொன்னவராம், ஒருநாளும் நான் அந்தத் திறப்பைத் திருப்பியிருக்க மாட்டன் எண்டு. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் அவ வளந்தவ. கலியாணம் கட்டி இஞ்ச வந்தபிறகும், ஆர் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா.

— ம்.

— அந்தப் பிள்ளை நல்ல மரியாதையாக் கதைச்சது. கடைசியில ஒரு கேள்வி கேட்டது. ஐயா, கட்டளை வந்திருந்தா நீங்கள் திருப்பியிருப்பீங்களோ எண்டு. வோல்ற்றர் திரும்பி மகளைப் பாத்தார். நான் நினைச்சன், கேள்வி காதில விழேல்லையாக்கும் எண்டு. காதுக் கருவியைத் தொடப் போனன். கையைத் தட்டிவிட்டிட்டுச் சொன்னார், "திருப்பியிருப்பன். ஒரு கேள்வியும் கேட்டிருக்கமாட்டன். அதுக்குத்தான் எங்களைப் பழக்கினவை. அந்தக் குழிக்குள்ள ஒரு நல்லவன் இருப்பான் எண்டு நம்பிக்கொண்டு இருக்காதேங்கோ பிள்ளை. மேல சட்டத்தைப் போடுங்கோ."

— பொண்ணு முன்னாடியேவா?

— மகளுக்கு முன்னாலதான். லோறா வெளியில போய் எலுமிச்சை மரத்தடியில புல்லுப் பிடுங்கிக்கொண்டு இருந்தா. மழை தூறினது, அதுக்கையும் இருந்தா. ரெண்டு நாள் அப்பாவோட தேவைக்கு மட்டும்தான் கதை. இந்த மனுசன் சாப்பிடேல்லை. எனக்கெண்டா, சொல்லாமல் விட்டிருக்கலாம் எண்டுதான் பட்டது.

— எனக்கும் அப்படித்தான் தோணுது. வயசான காலத்துல எதுக்கு?

— மூண்டாம் நாள் லோறா வந்து கட்டில் கரையில இருந்தா. "அப்பா, நான் இவ்வளவு காலமும் தப்பான ஆளில பெருமைப்பட்டிருக்கிறன். இண்டைக்குத்தான் சரியான ஆளைக் காணுறன்" எண்டா. அதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, அம்புஜம். பொய் சொல்லிக்கொண்டு அவர் நல்லவராகவே செத்திருக்கலாம். அந்தச் சட்டத்துக்காக அந்தப் பேரை விட்டுக்குடுத்தார். அண்டைக்குப் பிறகு அவரின்ர முகத்தை நேர பாத்துத்தான் சவரம் செய்யிறன்.

— இப்ப சாப்பிடறாரா?

— ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நான் வைக்கிற மீன் சொதி எண்டா உயிர். உமக்கு மீன் தொட ஏலாட்டி பரவாயில்லை, செய்து ஃப்றீசரில வச்சிருக்கிறன்.

— நான் சமைப்பேன்க்கா, எங்க வீட்ல எல்லாரும் சாப்பிடுவோம். மாத்திரை டப்பா எது?

— நீலம் காலமைக்கு, மஞ்சள் இரவுக்கு. ஞாயிறு பதினொரு மணிக்கு மட்டும் அவரை எங்கையும் கூட்டிக்கொண்டு போயிடாதேயும். டெனிஸ் ஃபோனில கூப்பிடுவார். ரெண்டு கிழடுகளும் ஒரு மணித்தியாலம் கதைச்சுச் சிரிப்பினம். ஃபோனை நீர்தான் பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும்.

— டெனிஸ்னா, அந்த இன்னொரு சாவி வச்சிருந்தவரா?

— ஓம், மற்றத் திறப்பு. அம்பது வருஷமாக் கதை பேச்சில்லை. லோறாதான் தேடி நம்பர் எடுத்தவ, கடிதத்தில அவரும் கையெழுத்துப் போட்டா நல்லதெண்டு. இப்ப போட்டிட்டார். முதல் நாள் நான்தான் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். வோல்ற்றர் சுகம் கூடக் கேக்கேல்லை. நேர அதைத்தான் கேட்டவர்.

— திருப்பியிருப்பியான்னா? அவரும் திருப்பியிருப்பேன்னுதான் சொன்னாரா?

— இல்லை. டெனிஸ் சொன்னார், "நான் திருப்பியிருக்க மாட்டன் வோல்ற்றர். வேலைக்குப் போன முதல் நாளே முடிவெடுத்திட்டன். எங்கள் ரெண்டுபேரின்ர இடுப்பிலயும் பிஸ்டல் இருந்ததெல்லே. நாலு வருஷமும் நான் ரஷ்யாக்காரனுக்குப் பயப்பிடேல்லை. உனக்குத்தான் பயந்தனான்."