பன்னிரண்டாவது நாற்காலியைக் காலி செய்பவருக்கு

மொழிகள் துறையின் முதுபெரும் கண்காணிப்பாளரே! கோப்புகளின் காவலரே! முத்திரைகளின் முதல்வரே! முப்பத்தோர் ஆண்டுகள் ஒரு நாளும் பிந்தாமல் வந்து, அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகளில் எங்கள் ஒவ்வொருவர் உயிரையும் தவணை முறையில் வாங்கிய உத்தமரே! பணிநிறைவு பெறும் தங்களுக்கு, ஒரே கூரையின் கீழ்த் தங்களோடு மல்லுக்கட்டிய அலுவலகத்தார் அன்போடும் ஆற்றாமையோடும் வாசித்தளிக்கும் மடல் இது.

இதை எழுதும் பொறுப்பைத் தட்டச்சரிடம் கொடுத்தோம். தங்கள் மேசைக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து, எங்கள் எல்லாரையும்விட அதிகம் பட்டவர் அந்த அம்மாள்தான். வாழ்த்து எழுதச் சொன்னால் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டு வந்தார். பாதியை வெட்டிவிட்டோம், மீதி இது.

தங்கள் நேர்மையையும் நினைவாற்றலையும் புகழ்வதற்கு எங்களுக்குத் தடையில்லை. இருபது வருடத்துப் பழைய கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவீர்கள். கால்வாசி முத்திரை மங்கியிருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவீர்கள். இந்தப் பெருமையெல்லாம் மாலை நான்கு மணி வரைக்கும்தான். நான்கு அடித்ததும், கையொப்பத்துக்குக் காத்திருக்கும் கோப்புகளைக் கண்ணெடுத்தும் பாராமல், பென்சிலும் கட்டம் போட்ட நோட்டுமாய்ச் சீனமொழித் தொடக்க வகுப்புக்கு நடையைக் கட்டிவிடுவீர்கள்.

அது தொடங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். தொடக்க வகுப்பில் பன்னிரண்டு பேர் இல்லையென்றால் வகுப்பை மூடிவிடலாம் என்று சுற்றறிக்கை வந்தது. வகுப்பு போனால் ஆசிரியையின் வேலையும் போகும். தலையெண்ணும் நாளில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். பன்னிரண்டாவது வரியில் தங்கள் பெயரை எழுதிவிட்டு, "ஒரு வருஷம்தானே, பேருக்கு உக்காந்துட்டு வந்துடறேன்" என்றீர்கள். தேர்வில் தோற்றவர் மறுபடி சேரலாம், தேறியவர் சேர முடியாது என்பது விதி. தாங்கள் தோற்றீர்கள். அடுத்த ஆண்டும் தோற்றீர்கள். ஒன்பது ஆண்டுகள், ஒரே வகுப்பு, ஒரே பாடநூல்!

அந்த ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு நெஞ்சு ஆறாது. சீனத் தொனிகளைப் பழகுவதற்காக ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் வளைத்தும் வெட்டியும் தாங்கள் முனகுவதைக் கேட்டு, சான்றிதழ் வாங்க வந்த மாணவி ஒருத்தி, "சாருக்குப் பல் வலியா?" என்று விசாரித்தாள். நாற்காலி, அலமாரி, மின்விசிறி, பசைப்புட்டி என்று கண்ணில் பட்டதிலெல்லாம் சீனச் சீட்டு ஒட்டினீர்கள். காலை வணக்கத்துக்குச் சீனத்தில் பதில் சொல்லாத அலுவலக உதவியாளரை வாசலிலேயே நிறுத்தி வைத்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தட்டச்சர் இரண்டு நாள் உட்கார்ந்து அடித்த கூட்டக் குறிப்பின் பின்பக்கத்தில் குதிரை என்ற எழுத்தை எண்பது தடவை எழுதிப் பழகி, அப்படியே பதிவாளருக்கு அனுப்பினீர்கள். 'இணைப்பு கிடைக்கப்பெற்றது' என்று அங்கிருந்து பதில் வந்தது. அந்த இணைப்பின் நகலைக் கேட்டு இன்றுவரை நினைவூட்டல் வருகிறது.

ஓராண்டு பத்துப் பேர்தான் சேர்ந்தார்கள் என்று மின்பணியாளரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். அவர் முதல் தடவையே தேறிவிட்டார். தங்களுக்கு வழக்கம்போல் முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு நாற்பது. "ஏணி மேல நின்னுக்கிட்டே படிச்சவரு பாஸ். உக்காந்து படிச்ச உங்களுக்கு என்ன சார் கேடு?" என்று தட்டச்சர் முகத்துக்கு நேரே கேட்டார். தாங்கள் பென்சில் சீவிக்கொண்டிருந்தீர்கள். ஆசிரியையோ வகுப்பு முடிந்தும் தங்களை உட்கார வைத்து முதல் பாடத்திலிருந்து மறுபடி நடத்தினார். தங்களால் அவர் வீட்டுக்குப் போகப் பிந்தாத நாள் குறைவு.

சென்ற திங்களன்று பொறுப்பை ஒப்படைக்கும்போது இரும்பு அலமாரியின் சாவியையும் கொடுத்தீர்கள். உள்ளே இருந்ததை எடுத்துவிட மறந்தது தங்கள் முப்பத்தோராண்டுப் பணியில் நேர்ந்த ஒரே பிழை. கோப்புக் கயிற்றால் கட்டிய ஒன்பது நோட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஆண்டின் வினாத்தாள். அதன் கீழே, தேர்வறையில் தாங்கள் வெறுமையாக விட்டுவந்த கேள்விகளுக்கும் சேர்த்து முழு விடை. தட்டச்சருக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் அடித்தல் திருத்தல் இல்லாத பக்கத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே ஆசிரியையிடம் போனார்.

ஆசிரியை நின்றபடியே படித்தார். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தவர் நான்காவது நோட்டில் அதைக் கீழே வைத்தார். "ஒரு தப்புகூட இல்லம்மா. எனக்குப் பாடம் நடத்தவே வரலையோன்னு ஒன்பது வருஷமா நொந்துக்கிட்டு இருந்தேன். இந்த மனுஷன என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தட்டச்சருக்கும் அதே கேள்விதான். வெளியே வந்து எங்களிடம் கத்தினார். ஒன்பது வருடமும் ஒருத்தர் முப்பத்தெட்டே வாங்குகிறாரே, முப்பத்தேழும் இல்லை, முப்பத்தொன்பதும் இல்லை, மங்கின முத்திரையைக் கண்டுபிடிக்கிற இந்த ஆபீசில் யாருக்குமா அது தோன்றவில்லை என்று திட்டினார். தங்களை முட்டாள் என்று வாய்விட்டுச் சொன்ன நாட்களை எண்ணினார். பிறகு மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். இதைச் சபையில் படிக்கக் கூடாது என்றார், படிக்கிறோம்.

ஐயா, தங்கள் மீது எங்களுக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஒருவர் வேலையைக் காப்பாற்றுவதற்கு எங்கள் கேலியையெல்லாம் வாங்கிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆண்டுக்கு ஒருவராக நாங்கள் போய் உட்கார்ந்திருக்க மாட்டோமா? அந்தக் கோபத்தோடுதான் இந்தப் பாராட்டு.

ஒன்பதாவது நோட்டு இந்த மடலோடு சேர்த்துத் தங்களுக்கு அளிக்கப்படுகிறது. கடைசிப் பக்கத்தில் ஆசிரியை தொண்ணூற்றேழு என்று போட்டு, 'தேர்ச்சி' என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். மூன்று ஏன் குறைந்தது என்று கேட்டோம். "பொய் சொன்னதுக்கு" என்றார்.

வரும் புதன்கிழமை தலையெண்ணும் நாள். விண்ணப்பங்கள் பதினொன்று வந்திருந்தன. பன்னிரண்டாவதைத் தட்டச்சர் நிரப்பிக்கொண்டு போனார். ஆசிரியை அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே என் வகுப்புல யாரும் வேணும்னே தோக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இனி நான்கு மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் தங்கள் நேரம் தங்களுடையது. நோயின்றி, நொடிப்பின்றி, நூறாண்டு தாண்டியும் பென்சில் சீவும் கையோடு, இல்லத்தாருடன் இனிது வாழ்வீர்களாக. புதன்கிழமையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆசிரியைக்குத் தட்டச்சர் சொன்ன பதிலையே தங்களுக்கும் சொல்லி முடிக்கிறோம்: "எனக்கு அதுக்கு நடிக்கவே வேண்டாம் மேடம்."

இங்ஙனம்,
மொழிகள் துறை அலுவலகத்தார்
(ஒப்பம்: தட்டச்சர், தொடக்க வகுப்பு, வரிசை எண் பன்னிரண்டு)