அளந்தது மணிக்கட்டில், அணிந்தது நெஞ்சில்

என்னைப் போன்றவளையும் ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தலாம் என்று துணிந்த தலைவர் லோகநாயகி அவர்களே! இன்று நாம் போடும் தீர்மானத்தை டெல்லி வரை சுமந்து செல்ல ஒப்புக்கொண்டிருக்கும் நுகர்வோர் சங்கச் செயலாளர் ஐயா உத்திராபதி அவர்களே! பரங்கிப்பேட்டையிலிருந்து பிழைப்பை ஒருநாள் ஒதுக்கிவைத்து வந்திருக்கும் பெரியவர்களே! காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்து, இங்கேயும் நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தாய்மார்களே! ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் வெளுத்துப்போன என் ஊர் கிள்ளைச் சகோதரிகளே! சிதம்பரத்துப் பெருமக்களே! இறால் உரிக்கும் பட்டம்மாள் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

முதலில் என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி சந்திரலேகா, அண்ணாமலை நகரில் இயற்பியல் எம்.எஸ்சி. முடித்தவள், தங்கப் பதக்கம் வாங்கியவள். என் பேரன் எழிலன், கடலூர் பஸ்ஸில் கண்டக்டர். தவறவிட்ட நகைப்பையைத் தேடிப்போய்க் கொடுத்து மேலதிகாரியிடம் பாராட்டுக் கடிதம் வாங்கியவன். அவன் மனைவி வெண்மதி, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். எங்கள் கொட்டகையில் இறால் உரிப்பதிலும் முதல்!

என்னம்மா அங்கே சிரிப்பு? "இன்னா ஆயா, பொண்ணு பாக்க வந்தவங்க கிட்ட சொல்ற மாரி சொல்ற"ன்னு கேக்குறியா? ஆமாண்டி, சொல்லுவேன்! ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் வீட்டில் படிப்பு வந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வலிக்காது. அந்தப் படிப்பு இல்லாவிட்டால், நான் செய்த தப்பு எனக்கே தெரிந்திருக்காது.

தப்பு என்றா சொன்னேன்? ஆம், தப்புதான். உங்கள் முன்னால் அதை ஒப்புக்கொள்ளத்தான் மேடை ஏறினேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் கொட்டகைக்கு ஒரு புதுமை வந்தது. அறுபத்து மூன்று பெண்களுக்கும் ஆளுக்கொரு கைக்கடிகாரம்! மணி காட்டுவதற்கா? இல்லை, நம்மைக் காட்டிக்கொடுப்பதற்கு! அதற்குள் சிம் இருக்கிறது. ஆள் எங்கே, நிற்கிறாளா, நடக்கிறாளா என்று ஓயாமல் ஆபீசுக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். தோலில் படாமல் கொஞ்ச நேரம் இருந்தால், ஆள் வரவில்லை என்று எழுதிவிடும்.

ஆனால் எங்கள் கை எங்கே இருக்கிறது? ஐஸ் தண்ணீரில் இருக்கிறது! வார் வழுக்குகிறது, இறால் முள் வாரில் மாட்டுகிறது, கையுறை ஏறமாட்டேன் என்கிறது. எல்லாரும் திணறினார்கள். அப்போது முப்பத்தோரு வருஷம் இறால் உரித்த இந்தப் பட்டம்மாள் வழி சொன்னாள்.

நம் பெண்களின் தாலிச்சரட்டில் நாலு ஊக்கு எப்போதும் தொங்கும் அல்லவா? முள் எடுக்க ஒன்று, முந்தானை குத்த ஒன்று, அவசரத்துக்கு இரண்டு. "ஏண்டி, கையில கட்டுனாத்தானா? ஊக்குல கோத்து ஜாக்கெட்டுக்குள்ள தொங்க விடுங்க. தோல்ல பட்டா போதுமில்ல?" என்றேன். அத்தனை பேரும் அப்படியே செய்தார்கள். தாலி இல்லாதவர்கள் ஜாக்கெட்டின் உள்பக்கம் குத்திக்கொண்டார்கள். வெண்மதிக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். ஜாக்கெட் இறுக்குகிறது என்றாள். "அப்ப கொசுவத்துல செருகிக்க கண்ணு" என்றவளும் நான்தான். செருகிக்கொண்டாள். வயிற்றோடு ஒட்டி, வேலை நேரம் முழுவதும், இரண்டு மாதம்!

ஒருநாள் சந்திரலேகா வீட்டுக்கு வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "ஆயா, இத எங்க வச்சிருக்கீங்க! இதோட பெட்டி எங்க?" என்றாள். பெட்டியா? நாங்கள் பெட்டியைக் கண்டதே இல்லையே! மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மேற்பார்வையாளர் சிலம்பரசன் நல்ல பையன்தான், ஆனாலும் பயந்தவன்.

"தம்பி, வாட்ச் பெட்டி ஒண்ணு குடு, பாத்துட்டுத் தரேன்."

"எதுக்கு ஆயா? அதுல ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கேன்."

"ரப்பர் பேண்ட நான் திங்கப் போறதில்லப்பா. குடு."

கொடுத்தான். பெட்டியின் அடியில், கடுகை விடச் சிறிய எழுத்தில், இங்கிலீஷில் ஒரு வரி. சந்திரலேகா போனில் பெரிதாக்கிப் படித்தாள். உடம்பு எவ்வளவு கதிர்வீச்சை வாங்கிக்கொள்கிறது என்ற அளவு அது. பக்கத்திலேயே, மணிக்கட்டில் கட்டி அளந்தது என்று எழுதியிருந்தது.

நான் உடைந்துபோய் அவளைக் கேட்டேன்: "கொள்ளுப்பேரப் புள்ளைக்கு நானே கெடுதல் பண்ணிட்டனா கண்ணு?" அவள் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல் கூட்டாமல். "ஆயா, இது விஷம்னு நான் சொல்லமாட்டேன். புள்ளைக்கு ஆபத்துன்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல. ஆனா அளந்தது மணிக்கட்டுல. நீங்க வச்சது நெஞ்சுல, வயித்துல. அங்க எவ்வளவுன்னு இதுல போடல. போடாதத எப்படிச் சரின்னு சொல்றது?"

தாய்மார்களே! பீதியைக் கிளப்ப நான் வரவில்லை. கேள்வியைக் கிளப்ப வந்திருக்கிறேன்! செல்போன் வாங்கினால் அந்த அளவைச் சொல்ல வேண்டும் என்று அரசு விதி வைத்திருக்கிறதே, நல்லது. போன் வாங்குகிறவன் பெட்டியைப் பிரிக்கிறான். படிக்கிறான், அல்லது படிக்காமல் போடுகிறான். அது அவன் விருப்பம். ஆனால் இந்தக் கடிகாரத்தை வாங்கியது யார்? முதலாளி! பெட்டியைப் பிரித்தது யார்? மேற்பார்வையாளர்! உடம்பில் சுமப்பது யார்? நாங்கள்! வாங்குகிறவர் கண்ணுக்கு எழுதினால், சுமக்கிறவள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? பெட்டி மேஜையில், கடிகாரம் எங்கள் மார்பில். எழுத்து அங்கே, உடம்பு இங்கே! இது என்ன நியாயம்?

வெண்மதி இதைத்தான் கேட்டாள். "சார், வயித்துல வைக்கலாமா கூடாதான்னு எழுதிக் குடுங்க. வைக்கலாம்னா வைக்கிறேன். கூடாதுன்னா எனக்கு மட்டும் வருகை நோட்டுல கையெழுத்து போட வழி பண்ணுங்க." சிலம்பரசன் தலையைச் சொறிந்தான். "மேல கேட்டுச் சொல்றம்மா" என்றான். மேலே இருந்து வந்த பதில் என்ன தெரியுமா? கடிகாரம் வேண்டாம் என்றால் வேலையும் வேண்டாம். பதினோரு நாளாக என் பேரன் பெண்டாட்டி வீட்டில் இருக்கிறாள். கொட்டகைக்கே முதல் ஆள், வாசலுக்கு வெளியே!

யாரது, "வேற வேலை பாக்கச் சொல்லு"ன்றது? ஏன் பார்க்க வேண்டும் ஐயா? அவள் வேலையில் குறையா? கேள்வி கேட்டது குறையா? இன்று வெண்மதிக்குக் கடிகாரம். நாளை உங்கள் மகனுக்குக் கண்ணாடி, உங்கள் மகளுக்கு மோதிரம். எல்லாவற்றுக்குள்ளும் ஒரு கருவி வரும். அப்போதும் பெட்டி உங்கள் கைக்கு வராது!

ஆகவே அரசுக்குச் சொல்கிறோம். உடம்பில் அணியும் எந்தக் கருவியானாலும் கதிர்வீச்சு அளவை எழுதுங்கள். பெட்டியில் மட்டும் எழுதினால் போதாது. கருவியின் முதுகிலேயே பொறியுங்கள். தமிழில் பொறியுங்கள். எண்ணை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உடம்பில் எங்கே வைத்து அளந்தீர்கள், எங்கே வைக்கக் கூடாது என்பதைப் படமாகவும் போடுங்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்குப் புரிகிற மாதிரி போடுங்கள். இடம் போதாது என்பீர்களா? உங்கள் கம்பெனிப் பெயரை அத்தனை பெரிதாகப் பொறிக்க இடம் இருந்ததே! தொழிலாளி உடம்பில் முதலாளி மாட்டும் கருவி என்றால், அந்த விவரத்தை அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். மறுத்தால் வேலை போகாது என்று சட்டம் சொல்ல வேண்டும்.

நான் சொல்லித்தான் அறுபத்து மூன்று பேரும் அதை நெஞ்சில் மாட்டினார்கள். நான் சொல்லித்தான் போன வெள்ளிக்கிழமை, வெண்மதி போக மீதி அறுபத்திரண்டு பேரும் கழற்றினார்கள். அத்தனை கடிகாரத்தையும் ஒரு இறால் கூடையில் போட்டு சிலம்பரசன் மேஜையில் வைத்தோம். "ஐயோ ஆயா, எல்லாருக்கும் ஆப்சென்ட் உழுமே!" என்றான். "உழட்டும்பா. நாங்க இங்கதான நிக்கிறோம், கண்ணால பாத்து எழுது" என்றோம். எழுதினான்! அன்று வந்தவர்களை அவன் பேனா எழுதியது.

நாளை திங்கட்கிழமை, குறைதீர் நாள். முதல் பஸ்ஸில் கடலூர் போகிறோம். எழிலன் கண்டக்டராக இருக்கும் பஸ்தான். ஆனாலும் எல்லாரும் டிக்கெட் எடுத்துத்தான் ஏறுவோம்! மனுவில் அறுபத்து மூன்று கையெழுத்து இருக்கிறது. முதல் கையெழுத்து வெண்மதியுடையது. கலெக்டர் முன்னால் நான் பேசப் போவதில்லை. அவளே பேசுவாள். படித்தவள், பதில் வாங்காமல் திரும்பமாட்டாள், அவளைத் தனியே விட்டு நாங்களும் திரும்பமாட்டோம்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மணியடித்து என்னை உட்காரச் சொல்லாத தலைவர் அம்மாவுக்கும் நன்றி. உத்திராபதி ஐயா, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். டெல்லி சம்மதித்து, முதுகில் தமிழ் எழுத்தோடு முதல் கடிகாரம் கிள்ளைக்கு வருகிற நாளில் நீங்கள் ஒருமுறை வரவேண்டும். எங்கள் வெண்மதி கொட்டகை வாசலுக்கு உள்ளே நின்று அதைப் படிப்பதை ஒரு போட்டோ எடுத்து, தபாலில் எனக்கு அனுப்பிவையுங்கள். எல்லாருக்கும் வணக்கம்.