விசில் அடிக்காத குக்கர்

…பின்ன இன்னா ராசு, நீயே சொல்லு! விசிலே அடிக்காத ஒண்ணுக்கு குக்கர்னு பேர் வெச்சி, அதுக்கு கரண்டு வேற குடுத்து விக்கிறானுங்க. நீ ரிப்பேர் கடை வெச்சிருக்கறவன், உனக்குத் தெரியாததா? கழட்டு, கழட்டு. உள்ள எங்கனா அடைச்சிக்கினு கெடக்கும். டீ குடிக்கிறியா? பால் இல்ல. சும்மா கேட்டேன்.

மணி இன்னா ஆவுது? பன்னண்டேகாலா! ஐயய்யோ. ஒரு மணிக்கு அவ போன் பண்ணுவா, வீடியோவுல. அவன்னா என் சம்சாரம், சாலம்மா. சின்னசேலத்துல பொண்ணு வூட்டுல இருக்கறா. எங்க எழில்மதிக்கு ஏழு மாசம். வளைகாப்பு போட்டு இங்க கூட்டியாந்துடலாம்னு இருந்தோம், டாக்டரம்மா ‘கட்டில விட்டே எறங்கக் கூடாது’ன்னுட்டாங்க. மாப்புள்ளைக்கு போர்வெல் போடற வண்டியில வேலை, மாசத்துக்கு ஒரு தபா வந்தா ஜாஸ்தி. அப்புறம் யாரு பாப்பாங்க? இவ போனா. எனக்கு கேஸ் அடுப்பத் தொடவே கூடாதுன்னு உத்தரவு. ஏன்னு கேக்காத. பால வெச்சிட்டு தூங்கிட்டேன், அவ்ளோதான், செவுரு கொஞ்சம் கருத்துப் போச்சு. அதான் மாப்புள்ள இத்த வாங்கிக் குடுத்தாரு. ‘மாமா, தானா நின்னுக்கும், பயமே இல்ல’ன்னாரு.

தானா நிக்குதாம்! சோறு எங்க வேவுது?

மொத நாளு சாமை போட்டேன். வெள்ளிமலையில எனக்குப் பழக்கப்பட்ட கொளஞ்சியம்மா குடுத்தனுப்புனது. பாத்திரம் நெறைய போட்டு, நெறைய தண்ணி. மேல இருக்கற ஓட்டையில கஞ்சியா வந்து சமையக்கட்டெல்லாம் தெறிச்சிது. இன்னாது? பாதிக்கு மேல போடக் கூடாதா? உள்ள கோடு போட்டிருக்குதா? எங்க… அட ஆமா. இவ்ளோ சின்னதாவா போடுவானுங்க? பஸ்ல ‘படியில் நிற்காதே’ன்னு எவ்ளோ பெருசா எழுதியிருப்போம்! அப்பவும் நின்னானுங்க, அது வேற கதை.

மறுநாளு அரிசி. வேவல. அதுக்கு மறுநாளும் வேவல. மூடியத் தொறக்கலாம்னா வரல, சுத்தியல எடுத்தேன்… ஏய், இன்னாப்பா அப்பிடிப் பாக்கற? தட்டல, எடுத்தேன்னுதான் சொன்னேன். மூடி மேல அந்த பின்னு தூக்கிக்கினு இருந்தா உள்ள ஆவி இருக்குதுன்னு அர்த்தமா? கண்ணு போயிருக்குமா? சரி சரி, இனிமே சுத்தியல் பரண் மேலதான்.

அவகிட்ட சொல்ல முடியுமா? நான் பட்டினின்னு தெரிஞ்சா அடுத்த வண்டிக்கு வந்துடுவா. அந்தப் புள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இருக்காது. அதான் மெஸ்ஸுல ஒரு சோறு வாங்கியாந்து, இந்தப் பாத்திரத்துல கொட்டி, வீடியோவுல காட்டிக்கினு இருந்தேன். நாலு நாளு ஓடிச்சு. நேத்து மாட்டிக்கினேன். சோத்து மேல மெஸ்ஸுக்காரன் வெச்ச அப்பளம்! எடுக்க மறந்துட்டேன். ‘நாளைக்கு என் கண்ணு முன்னால மூடியத் தொற, இல்லன்னா மூணு மணி வண்டியில நான் வரேன்’னுட்டா. மெஸ்ஸு சோத்துல எனக்கு வயித்துப்புண்ணு எரியறது வேற, அத்த எங்க சொல்றது.

நான் இன்னா பண்ணேனா? எல்லாம் சரியாத்தான் பண்ணேன்! ரப்பர் வளையத்த அமுத்தி வெச்சேன். பாத்திரத்துக்கு அடியில ஈரம் தொடச்சேன். மூடுனேன், மேல ஆவி போற குமிழத் திருப்புனேன், பட்டன அமுத்துனேன். பத்து நிமிசம் ஒரு சத்தம் இல்ல. அப்புறம் ‘பீப்’புன்னு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. ஒடனே பிளக்க புடுங்கிட்டேன்.

ஏன்னா? இன்னா கேள்வி! முப்பத்தோரு வருசம் கள்ளக்குறிச்சி–வெள்ளிமலை வண்டியில கண்டக்டர்ப்பா நானு. ரெண்டு விசில்னா போ, ஒரு விசில்னா நிறுத்து. ஒத்த விசிலுக்கு நிறுத்தாத டிரைவர அந்த மலை மேலயே வெச்சித் திட்டியிருக்கறேன். சத்தம் கேட்டதும் கை தானா போவுது…

சிரிக்காத. ராசு, சிரிக்காதன்றேன்! இன்னாது… அந்த ‘பீப்’புதான் ஆரம்பமா? அதுக்கப்புறம்தான் வேவவே ஆரம்பிக்குதா? அப்போ நாலு நாளா வண்டி கெளம்பறப்பலாம் நானே நிறுத்திக்கினு…

சரி, போடு. ஒரு டம்ளர் அரிசி. தண்ணி நீயே ஊத்து, எனக்கு நம்பிக்கை இல்ல. என் கையப் புடிச்சிக்கோ. நெசமாத்தான் சொல்றன், புடிச்சிக்கோ.

…அடிச்சிடுச்சி! விடு, விடு… இல்ல, விடாத. பாரு, நம்பரு கொறையுது. எட்டு… ஏழு… மாப்புள்ள சொன்னாரு, பொஸ்தகத்தப் படிங்க மாமான்னு. அது பொட்டியிலயே கெடக்குது. முப்பத்தோரு வருசம் டிக்கெட்டுல இருக்கறதப் படிடான்னு ஊர்ல இருக்கறவன எல்லாம் திட்டுனேன், தெரியுமா?

முடிஞ்சிடுச்சா? தொறக்கலாமா? இன்னும் பின்னு எறங்கலியா? எவ்ளோ நேரம்ப்பா! ந்தா, போன் வந்துடுச்சி. பேசாம இரு, நீ இருக்கறது தெரியக் கூடாது.

சாலம்மா… ஆங், நல்லாருக்கறேன். எழில்மதி இன்னா பண்றா? தொறக்கறேன், இரு… அடியே, பின்னு எறங்கலடி! ஆவி இருக்கறப்ப தொறந்தா கண்ணு போயிடும். பொஸ்தகத்துல போட்டிருக்குது. ஆமா, படிச்சேன். நான்தான் படிச்சேன். …எறங்கிச்சி! மூஞ்சத் தள்ளி வெச்சிக்கினு, இப்பிடி… பாரு. பாத்தியா? பூவாட்டம் நிக்குதா? அப்பளம் இருக்குதான்னு தேடு, நல்லாத் தேடு!

…ஆங். …சரி. …ஆமாமா, நான் பாத்துக்கறேன், எனக்கு இன்னா கொறச்சல். நீ பொண்ணப் பாரு. வெக்கறேன்.

வெச்சிட்டாப்பா. ‘நல்லாத்தான் ஆக்கறீங்க, இனிமே எனக்குக் கவலை இல்ல. நடுவுல வரல, கொழந்தையத் தூக்கிக்கினுதான் வருவேன்’றா. ரெண்டு மாசம் ராசு. முழுசா ரெண்டு மாசம். கல்யாணமாயி இவ இல்லாம நான் ஒரு வாரம் சேந்தாப்புல இருந்ததில்ல. இந்த நாலு நாளே… சோறு கெடக்குது, அது யாருக்கு வோணும்?

எங்க போற? பையை மாட்டாத, உக்காரு. தட்டு எடுக்கறேன், ஊறுகாய் இருக்குது, சாப்புட்டுப் போ. தனியா எப்பிடிப்பா துன்றது? வண்டிய ஸ்டார்ட் பண்ணாதன்றேன்… ராசு! ராசு, நாளைக்கு ஒரு மணிக்கு வாடா! நானே ஆக்கி வெக்கறேன்!