ஞாயிற்றுக்கிழமை அவர் கையைத் தூக்கினார்

பெயர் தென்றல், வயது 44, கணவர் பெயர் ரஞ்சித்குமார், முகவரி நியூ ஜெர்சி மாநிலம் பிரிட்ஜ்வாட்டர், லார்ச்வுட் கோர்ட், வீட்டு எண் 17. சொந்த ஊர் நாமக்கல் மாவட்டம் ராசிபுரம். மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வகத்தில் தரப் பரிசோதகராகப் பதினான்கு வருடமாக வேலை பார்த்து வருகிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். மேற்படி முகவரியில் என் கணவருடனும், பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் தீக்ஷாவுடனும் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை 2025 டிசம்பர் 10, புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு, விசாரணை அதிகாரி முன்பாக, மொழிபெயர்ப்பாளர் சாரதா அவர்கள் உடனிருக்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுக்கிறேன். எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் இந்த விஷயத்தில் ஒரு சொல் மாறினால் அர்த்தம் மாறிவிடும் என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன்.

எனக்குத் துப்பாக்கி எதற்கு என்று அதிகாரி முதலில் கேட்டதால் அதிலிருந்து சொல்கிறேன். சென்ற வருடம் அக்டோபர் மாதம் ஒரு மாலை, மகளைப் பியானோ வகுப்பிலிருந்து கூட்டி வரும்போது ஒரு மான் என் காரில் வந்து மோதியது. எங்களுக்கு அடி எதுவும் இல்லை. மானுக்கு முதுகு உடைந்துவிட்டது. அது சாலையோரம் முன்கால்களை மட்டும் ஊன்றி எழ முயன்றுகொண்டே இருந்தது. போலீஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் அது என்னைத்தான் பார்த்தது. என் மகள், "அம்மா, டூ சம்திங்" என்று மூன்று முறை சொன்னாள். நான் ஒன்றும் செய்யவில்லை. அதன் பிறகு ஒரு அதிகாரி வந்து, எங்களைக் காருக்குள் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரே குண்டில் முடித்தார்.

அதன் பிறகு எனக்கு ஐந்தாறு வாரம் சரியாகத் தூக்கம் இல்லை. டாக்டரிடம் போனேன், அவர் அனுப்பிய ஆலோசகரிடம் நான்கு தடவை பேசினேன், சரியாகிவிட்டது. அதன் பிறகு இந்த வருடம் பிப்ரவரியில் வேட்டைக்காரர்களுக்கான வகுப்பில் சேரப் போவதாக வீட்டில் சொன்னேன். என் கணவர், "கறி வேணும்னா கடையில இல்லையா? நம்ம கம்யூனிட்டில யாராவது இப்படிப் பண்றாங்களா, தென்றல்?" என்று கேட்டார். கறிக்காக இல்லை என்றேன். வேறு எதற்கு என்று அவர் கேட்டார். அடுத்த முறை அப்படி நின்றுகொண்டிருக்கக் கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது.

என்னோடு வகுப்பில் சேர்ந்தவர் ரூபிகா, வயது 36, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார், எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார். பாடங்களைக் கம்ப்யூட்டரில் படித்து முடித்துவிட்டு, பிறகு ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பரீட்சை எழுதிச் சுட்டுக் காட்ட வேண்டும். அந்தப் பாடத்தில் ஒரு கேள்வி வந்தது. காட்டில் இன்னொரு வேட்டைக்காரரைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது. கையை ஆட்டக் கூடாது, அசைவை யாராவது மிருகம் என்று நினைத்துவிடலாம், நின்ற இடத்திலேயே நின்று சத்தமாகக் குரல் கொடுக்க வேண்டும் என்பது சரியான விடை. நான் அதைச் சரியாக எழுதினேன். ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது எடுத்தேன்.

அதன் பிறகு எங்கள் ஊர்ப் போலீஸ் மூலமாகத் துப்பாக்கி வாங்கும் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தேன். கைரேகை கொடுத்தேன். என்னைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் வேண்டும் என்றார்கள், ரூபிகாவையும் என் மேலாளரையும் கொடுத்தேன். மனநல சிகிச்சை பற்றி விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஆலோசகரிடம் போனதை மறைக்காமல் எழுதி, டாக்டர் கடிதத்தையும் சேர்த்தேன். ஆகஸ்டில் அட்டை வந்தது.

அதன் பிறகு செப்டம்பரில் என் கணவருடன் கடைக்குப் போய்த் துப்பாக்கி பார்த்தேன். இந்த மாநிலத்தில் மானுக்குச் சாதாரண ரைஃபிள் கூடாது, ஷாட்கன்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். கடைக்காரர் முதலில் என் கணவரைப் பார்த்துப் பேசினார். எனக்குத்தான் என்றதும் ஒரு இளஞ்சிவப்பு நிறத் துப்பாக்கியை எடுத்து வைத்தார். அதை வேண்டாம் என்றேன். பன்னிரண்டு கேஜ் என்ற பெரிய குழல் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்ததில் கனமாக இருந்தது, தோளில் பதியும் கட்டை நீளமாக இருந்ததால் என் கன்னம் சரியாக வந்து படியவில்லை. அதன் பிறகு அவர், கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள், வைத்த பிறகு கண்ணைத் திறங்கள், குறி நேராக இருந்தால் அதுதான் உங்களுடையது என்றார். அப்படி ஐந்து துப்பாக்கி பார்த்தேன். ஐந்தாவது, கட்டை குட்டையான, குழல் சிறிய இருபது கேஜ் பம்ப். கண்ணைத் திறந்தபோது குறி எதிர்ச் சுவரில் இருந்த மான் தலைக்கு நேராக இருந்தது. அதையே வாங்கினேன். அது இப்போது உங்கள் பொறுப்பில் இருக்கிறது. பயிற்சி மைதானத்தைத் தவிர வேறு எங்கும் அது சுடப்படவில்லை.

ரூபிகாவின் வேலையிடத்தில் தெரிந்த ஒருவருக்கு ஹன்டர்டன் கவுண்டியில் அறுபது ஏக்கர் தோப்பும் காடும் இருக்கிறது. அவர் எங்கள் இரண்டு பேருக்கும் வேட்டையாட எழுத்தில் அனுமதி கொடுத்தார். கொடுக்கும்போது, பக்கத்து நிலத்துக்காரர் வால்டர் என்பவர் வில் வேட்டைக்காக ஓடைக்கரையில் மரத்தில் இருக்கை கட்டி உட்காருவார், தனி ஆள், பேச மாட்டார், அவரைத் தொந்தரவு செய்யாமல் நூறு கஜம் தள்ளியே இருங்கள் என்றார்.

டிசம்பர் 6, சனிக்கிழமை பிற்பகல் நான் மட்டும் உட்கார இடம் பார்க்கப் போனேன். துப்பாக்கி எடுத்துப் போகவில்லை. மூன்றரை மணி இருக்கும், ஓடைக்கு மறுகரையில், ஒரு ஓக் மரத்தில் ஏணியோடு சேர்த்துக் கட்டிய இருக்கையில், தரையிலிருந்து பதினைந்தடி உயரத்தில், வேட்டை உடுப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பாதுகாப்புப் பட்டை அவரை மரத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வில் பக்கத்தில் தொங்கியது. அவர் முகம் என் பக்கம் இருந்தது. நான் நின்றேன். அவர் இடது கையை மெதுவாகத் தூக்கினார். தோள் உயரம் வரை வந்தது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. கையில் பழுப்பு நிறக் கையுறை இருந்தது.

நான் குரல் கொடுத்திருக்க வேண்டும். அதுதான் சரியான விடை என்று எனக்குத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் வில், நான் அந்தக் காட்டுக்குப் புதியவள், என் குரல் எப்படி ஒலிக்கும் என்று கூச்சமாக இருந்தது. நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் மறுபடி கையைத் தூக்கினார். நான் தலையாட்டிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "ரொம்ப ஃப்ரெண்ட்லியா இருந்தாருங்க, ரெண்டு தடவ கை காட்டினார்" என்று சொன்னேன்.

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணியளவில் ரூபிகாவையும் கூட்டிக்கொண்டு, நான் உட்காரும் மடக்கு நாற்காலியையும் மறைப்புத் துணியையும் கட்டி வைக்கப் போனோம். அவர் அதே இடத்தில் இருந்தார். நான் ரூபிகாவிடம் காட்டினேன். ரூபிகா, "நித்திரையாக்கும் அக்கா. குழப்பாமல் வாங்கோ" என்று சொல்லிவிட்டு, குனிந்து கயிற்றை முடிச்சுப் போட ஆரம்பித்தார். நான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் கையைத் தூக்கினார். அதே இடது கை. முந்தைய நாளை விட உயரமாக, தலைக்கு மேலே போனது. கையுறை இல்லை. விரல்கள் வெள்ளையாக இருந்தன. நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம் அந்தக் கை மேலே இருந்தது.

நான், "ரூபி, பார்" என்றேன். ரூபிகா நிமிர்ந்தபோது கை மடியில் இருந்தது. அன்றைக்குக் காற்று இல்லை. ஓக் மரத்தில் காய்ந்த இலைகள் இன்னும் இருந்தன, அவற்றில் ஒன்றுகூட அசையவில்லை. காட்டில் குருவிச் சத்தமும் இல்லை என்பதை அப்போது கவனித்தேன். ரூபிகா, "என்னக்கா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அதன் பிறகு இருவரும் வீடு திரும்பினோம்.

டிசம்பர் 8, திங்கட்கிழமை துப்பாக்கி வேட்டை தொடங்கும் முதல் நாள். ரூபிகாவின் துப்பாக்கி அட்டை இன்னும் வராததாலும் அவருக்கு வேலை இருந்ததாலும் நான் மட்டும் போனேன். காலை ஆறேகாலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டப்படியான நேரம் வந்த பிறகுதான் தோட்டாக்களைப் போட்டேன், மூன்று. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஓக் மரம் தெரிந்தது, அதன் பிறகு ஏணி தெரிந்தது, அதன் பிறகு அவர் தெரிந்தார். எனக்கு முன்பே வந்துவிட்டார் என்று நினைத்தேன். துப்பாக்கி வேட்டை நாட்களில் வில் வைத்திருப்பவரும் ஆரஞ்சு உடுப்புப் போட வேண்டும். அவர் போட்டிருக்கவில்லை. பெரியவர் மறந்துவிட்டார், யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணி தாண்டி, கொம்புள்ள மான் ஒன்று ஓடையைக் கடந்து வந்து நேராக அந்த மரத்தின் கீழே போய் நின்றது. மனித வாடை பட்டால் மான் நிற்காது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இது நின்றது. ஏணியை முகர்ந்தது. கீழே கிடந்த எதையோ நக்கியது. அது கையுறை என்று பிறகுதான் பார்த்தேன். அவருடைய பூட்ஸுக்கு நேர் கீழே, வீட்டுக் கொல்லையில் நிற்பது போல அந்த மான் நின்றது. நான் துப்பாக்கியைத் தோளில் வைத்தேன், கன்னம் படிந்தது, விசையைப் பூட்டி வைக்கும் சேஃப்டியை எடுத்தேன். சுடும் முன்பு குறிக்குப் பின்னாலும் சுற்றியும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால் பார்வையை மேலே கொண்டு போனேன். அப்போதுதான் அவரை முதல் முறையாக நன்றாகப் பார்த்தேன். அவர் தொப்பியிலும், இரண்டு தோளிலும், மடியில் இருந்த கையிலும் உறைபனி படிந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. இமை மேலும் பனி இருந்தது.

சேஃப்டியைப் போட்டேன். மூன்று தோட்டாவையும் எடுத்துப் பாக்கெட்டில் வைத்தேன். துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து நின்று, "குட் மார்னிங், சார்" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். என் குரல் ஓடையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. மான் என்னைப் பார்த்தது. ஓடவில்லை. நடந்துதான் போனது. அதன் பிறகு நான் ஓடையில் இறங்கி அக்கரை போய், ஏணியைத் தட்டிக் கூப்பிட்டேன். ஏணியின் மூன்றாம் படியில் என் கைரேகை இருக்கும். மேலே ஏறவில்லை. 7.21-க்கு 911-ஐக் கூப்பிட்டேன். மூச்சு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று நினைக்கிறேன் என்றேன். போலீஸ் வரும் வரை அந்த மரத்தடியிலேயே நின்றேன். அந்த இருபது நிமிடமும் நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்பது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னதால் அதைச் சொல்லவில்லை. தமிழில்தான் பேசினேன்.

இன்று காலை அதிகாரி எனக்குத் தெரிவித்தது: இறந்தவர் வால்டர், வயது 71, தனியாக வசித்தவர், வீட்டிலிருந்தே நடந்து காட்டுக்கு வருபவர். சனிக்கிழமை பிற்பகல் இருக்கையில் இருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது பக்கம் முழுவதும் செயலிழந்து, பேச்சும் போயிருக்கும். இடது கையை மட்டும் அசைத்திருக்க முடியும். குளிரில் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்பது பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் கருத்து.

சனிக்கிழமை அவர் எனக்குக் கை காட்டவில்லை, என்னைக் கூப்பிட்டார் என்பதை இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி அதிகாரி என்னிடம் பலமுறை கேட்டார். ரூபிகா தன் வாக்குமூலத்தில், அவர் அசைந்ததைத் தான் பார்க்கவில்லை என்று சொல்லியிருப்பதாகவும் தெரிவித்தார். அது உண்மை. அவர் பார்க்கவில்லை. நேற்று ரூபிகா என் வீட்டுக்கு வந்து, "நான் ஒரு நர்ஸ் அக்கா. ஒருக்கா நல்லாப் பாத்திருந்தா எனக்கு விளங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமல் போய்விட்டார். நான் முன்பு தூக்கம் இல்லாமல் ஆலோசகரிடம் போனதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாமா என்று அதிகாரி கேட்டார். இல்லை. நான் பதினான்கு வருடமாகப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் வேலை செய்கிறேன். கையுறை இல்லாத கையைப் பார்த்தேன்.

டாக்டர் சொல்வது சரி என்றால், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் எதுவும் செய்திருக்க முடியாது. நான் பார்த்தது சரி என்றால், முடிந்திருக்கும். இந்த இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

வேறு மாநிலத்தில் இருக்கும் அவருடைய மகள், அப்பாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது யார் என்று போனில் கேட்டதாக அதிகாரி சொன்னார். என் பெயரையும் போன் நம்பரையும் கொடுக்கலாம் என்று சம்மதித்தேன். எந்தக் கிழமை என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று அதிகாரி கேட்டார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இதை எழுதி முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை "கையைத் தூக்கினார்" என்பதைக் "கையைத் தூக்கியது போலத் தோன்றியது" என்று மாற்ற விருப்பமா என்று மொழிபெயர்ப்பாளர் மூலமாக என்னிடம் கேட்கப்பட்டது. அந்தப் பக்கத்தைத் திரும்ப வாங்கிப் படித்தேன். மாற்ற வேண்டாம் என்றேன்.

எழுதியவை எல்லாம் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. சனிக்கிழமை பற்றியும், ஞாயிற்றுக்கிழமை பற்றியும், திங்கட்கிழமை பற்றியும் நான் சொன்னவை அனைத்தும் என் கண்ணால் கண்டவை, உண்மை என்று உறுதி கூறி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ர. தென்றல்