வெட்டாத பாதி

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, 'இவர் என்ன பேசித் தொலைக்கப் போகிறாரோ' என்று முன்வரிசையில் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் அவருடைய மாணவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நாமெல்லாம் கல்லம்மா என்றழைத்த விண்கல் பேராசிரியர் மறைந்துவிட்டார். அவரைப் புகழ எத்தனையோ பேர் இருக்க, என்னை ஏன் அழைத்தீர்கள்? இத்தனை ஆண்டுகளாக அடுத்த அறையில் உட்கார்ந்து வயிறெரிந்தவன் நான்! இன்றும் எரிகிறது.

லாரிப் பட்டறையின் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு ஒரு கல் விழுந்ததே, நினைவிருக்கிறதா? மெக்கானிக்குக்கு முதலில் போன் செய்தவன் நான். கல் போய்ச் சேர்ந்ததோ அம்மையாரிடம். ஏனப்பா என்று கேட்டேன்.

"கல்லு எவ்வளவு பெருசுன்னு நீங்க கேட்டீங்க சார். அந்தம்மா மழை பட்டுச்சான்னு கேட்டாங்க. கழுவிடாதீங்கன்னு கெஞ்சினாங்க" என்றார்.

எனக்கு அது தோன்றவில்லையே!

என்ன கல் அது! உள்ளே கடுகளவு உருண்டை மணிகள். பூமி பிறக்கும் முன்பே, சூரியனைச் சுற்றி வெறும் புழுதி கிடந்த காலத்தில், உருகித் துளியாகி உறைந்தவை. அவை சேர்ந்து கல்லான பின் அந்தக் கல் உருகவேயில்லை. நானூற்று ஐம்பத்தாறு கோடி ஆண்டுகள்! உள்ளே உப்பு இருந்தால் ஈரம் பட்டுக் கரைந்துவிடும் என்று, ரம்பத்துக்குச் சொட்டுத் தண்ணீர் விடாமல் பொறுமையாக அறுத்தார் அம்மையார். உப்புப் படிகம் இருந்தது. சூரியன் குழந்தையாயிருந்தபோதே ஏதோ ஒரு சிறுகோளுக்குள் தண்ணீர் கசிந்ததற்குச் சாட்சி! எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேண்டா வெறுப்பாக.

மீதிப் பாதியை ஈரக்காற்று அண்டாத நைட்ரஜன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அதையும் வெட்டலாமே மேடம்?"

"நம்ம கருவிக்கு இது போதும் சார். அறுத்தா தூளாப் போறது போனதுதான். இதவிட நல்ல கருவியோட யாராவது வருவாங்க."

"யாரு?"

"இன்னும் பொறக்கலையோ என்னவோ!"

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று அந்தப் பெட்டியின் சாவியை இயக்குநர் என்னிடம் கொடுத்தார். "எப்ப சார் ரம்பத்தை மாட்டறது?" என்று காலையிலேயே உதவியாளர் கேட்டுவிட்டார். பெட்டியின் கண்ணாடி வழியாகக் கல்லைப் பார்த்தேன். வெட்டிய முகத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, மணிகளைவிடவும் மூத்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கும்? கை பரபரக்கிறது. அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. இதை விட்டால் எனக்கு வேறு கல் கிடையாது.

அவையோரே! அம்மையாரின் பணியைத் தொடர்வேன் என்று சொல்லத்தானே என்னை மேடையேற்றினீர்கள்? சொல்கிறேன். அந்தப் பாதியை நான் வெட்ட மாட்டேன். வேறு யாரையும் வெட்ட விடவும் மாட்டேன். அவரால் முடிந்த பொறுமை என்னால் மட்டும் முடியாதா? சாவியை அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போவேன்.

என்றோ ஒரு நாள், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை அந்தப் பெட்டியைத் திறக்கும். நமக்குத் தெரியாததையெல்லாம் அது தெரிந்துகொள்ளும். இப்போதே அதன்மீதும் எனக்கு வயிறெரிகிறது!